இரண்டு மணிக்கு எழும் மீன்

அவளுக்கு வாயில்லாப்பூச்சி என்று பேர் வைத்தவர் கடை முதலாளி. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே வைத்துவிட்டார். முழுசாகக் கூப்பிடச் சோம்பல்பட்டுப் பிறகு 'பூச்சி' என்று சுருக்கினார். பதினோரு வருஷம் அந்தக் கடையில் அவள் பூச்சியாகவே இருந்தாள். பேர் வீடு வரைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. அவள் புருஷனுக்கு பஸ் டிப்போவில் டயர் மாற்றுகிற வேலை. பிரியம் வந்தால் பூச்சி என்பார், கோபம் வந்தால் பூச்சியம்மா என்பார்.

கடையில் விற்றது வளர்ப்பு மீன்கள். முன்னறையில் பிள்ளைகள் அழுது அடம்பிடித்து வாங்கும் தங்கமீன்கள். பின்னறையில், நீல விளக்குக்குக் கீழே, கடல் மீன்கள். பின்னறைதான் பூச்சியின் இடம். காலையில் வந்ததும் டிரம்மில் வடிகட்டிய தண்ணீர் பிடித்து உப்பு கரைப்பாள். கண்ணாடியில் படிந்த பாசியைக் காலாவதியான வங்கி அட்டையால் சுரண்டுவாள். மீனைப் பையில் போட்டுக் காற்று நிரப்பிக் கட்டுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. பையின் மூலையில் மீன் சிக்கி மூக்கு நசுங்கிவிடும் என்று, இரண்டு மூலைகளையும் மடித்து ரப்பர் போடுவாள். யாரும் சொல்லித்தரவில்லை. நசுங்கிய மீன்களைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டது.

முதலாளியை வாடிக்கையாளர்கள் மாலுமி என்பார்கள். நங்கூரம் போட்ட சட்டை, வெள்ளைத் தொப்பி. படகில் கால் வைத்தாலே வாந்தி எடுப்பார் என்று அவர் மனைவி ஒருமுறை பூச்சியிடம் சொல்லியிருக்கிறார். ஆனால் வாய் ஏழு கடலையும் சுற்றிவரும்.

"இது ரொம்ப நாள் இருக்குமா சார்?" என்று யாராவது கேட்டால், "மனுஷனுக்கே கியாரண்டி கிடையாது, மீனுக்குக் கேக்கறீங்களே! போச்சுன்னா வாங்க, இதைவிட அழகா ஒண்ணு தர்றேன்" என்பார். கேட்டவர் சிரித்துக்கொண்டே வாங்கிப்போவார். அடுத்த மாதம் திரும்பி வருவார்.

அப்படியிருக்கும்போதுதான் கடைக்கு முதன்முதலாக ஒரு சிறுத்தை ராஸ் வந்தது. ராஸ் என்பது கடல் மீனில் ஒரு பெரிய குடும்பம். அதில் இது விரல் நீளத்துக்கு மேல் போகாத ஒரு சின்ன வகை. உடம்பு முழுக்க வெள்ளையும் கருப்புமாகப் புள்ளிகள், யாரோ உட்கார்ந்து ஒவ்வொன்றாக வைத்ததுபோல. பெரிய இடத்துப் பெண்ணை மாதிரி, பத்து நாள் பட்டினி தாங்காது, கை பட்டால் தாங்காது, அதிர்ச்சி தாங்காது. பல் டாக்டரம்மா ஒருவர் தன் வீட்டுத் தொட்டிக்கு அதைச் சொல்லிவைத்திருந்தார்.

திங்கள்கிழமை மத்தியானம் பூச்சி அதைப் பையிலிருந்து தொட்டிக்குள் விட்டாள். செவ்வாய்க்கிழமை காலையில் டாக்டரம்மா வந்தார். தொட்டியில் மீன் இல்லை.

மாலுமி கல்லையெல்லாம் தூக்கிப் பார்த்தார். பூச்சி தரையில் மண்டிபோட்டு, எங்காவது துள்ளி விழுந்து காய்ந்து கிடக்கிறதா என்று தேடினாள். அந்த ஜாதி மீன் பயந்தால் மணலுக்குள் புதைந்துகொண்டு நாள்கணக்கில் கிடக்கும் என்பது அன்றைக்கு அவருக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது.

"நேத்து சாயங்காலம் கடைசியா இந்த ரூமை விட்டுப் போனது யாரு?" என்றார் மாலுமி.

பூச்சி எழுந்து நின்றாள்.

"வாயில்லாப்பூச்சிங்க வேலையெல்லாம் இப்படித்தான் டாக்டரம்மா. சத்தமே வராது." சொல்லிக்கொண்டே கொக்கியில் தொங்கிய அவள் பையை எடுத்து முன்னறை மேஜைமேல் கவிழ்த்தார். சீப்பு, குடை, பஸ் டிக்கெட்டுகள், அந்த மூன்று நாளுக்காகத் துணியில் சுற்றி வைத்திருந்த நாப்கின். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பேனாவால் சோற்றைக் கிண்டினார். "சோத்துக்குள்ள ஒளிச்சிருக்கியா? பரவாயில்ல, வெந்துடாதே?" தங்கமீன் வாங்க வந்த ஒரு அப்பாவும் மகளும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பல் டாக்டரம்மா, மேஜைமேல் இருந்த தன் கைப்பையைத் தன் பக்கம் கொஞ்சம் நகர்த்திக்கொண்டார்.

பூச்சிக்கு நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. சாமான்களைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். அவ்வளவுதான் பதினோரு வருஷம்.

அதோடு போயிருந்தால் அவளும் காலப்போக்கில் மறந்திருப்பாள். வியாழக்கிழமை, கடைக்கு மீன் பெட்டிகள் இறக்கும் வேன்காரர் அவள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினார்.

"உன் மீன் வந்துடுச்சு தெரியுமா? மத்தியானம் மண்ணுக்குள்ளேர்ந்து புஸ்ஸுன்னு கிளம்பி வந்துச்சாம். நானே பார்த்தேன்."

"முதலாளி என்ன சொன்னாரு?"

வேன்காரர் தலையைச் சொறிந்தார். "நீ பயந்துபோய் ஆள் மூலமாத் திருப்பிக் குடுத்துட்டேன்னு டாக்டரம்மாகிட்ட போன்ல சொன்னாரு. என்னையும் வாயை மூடிக்கச் சொன்னாரு. எனக்கும் பொழப்பு நடக்கணும் இல்ல தங்கச்சி?"

தெரியாமல் பழி போட்டதைப் பொறுத்துக்கொள்ளலாம். தெரிந்த பிறகும் துடைக்காமல் விட்டதுதான் பூச்சியின் வயிற்றில் நெருப்பாகப் பற்றிக்கொண்டது. அந்த மீன் டாக்டரம்மா வீட்டில் இரண்டு வாரத்தில் செத்துப்போனது. திருடி என்ற பேர் சாகவில்லை. இரண்டு வீடுகளில் வேலை கேட்டுப் போனாள். இரண்டு வீட்டிலும் காதும் மூக்கும் வைத்த கதை அவளுக்கு முன்னாலேயே போய் உட்கார்ந்திருந்தது.

"விட்டுத் தள்ளு பூச்சி. மாலுமி கெட்ட கேட்டுக்கு அவனை யாரு நம்பறா?" என்றார் புருஷன்.

"எல்லாரும் நம்பறாங்க."

"அப்ப போய் நடந்ததைச் சொல்லு."

"நான் சொன்னா திருடி சொல்ற சாக்கு. அவரேதான் சொல்லணும். ஆளுங்க இருக்கற இடத்துல."

அவள் சேர்ந்தாற்போல் இவ்வளவு பேசி அவர் கேட்டதில்லை. சாப்பாட்டைப் பார்த்தார்.

அந்த ஜாதி மீனைத் தானே வளர்த்துப் பார்த்துவிடுவது என்று முடிவுகட்டினாள். தையல் மெஷினை நாத்தனாருக்குக் கொடுத்துவிட்டு, அவள் வீட்டு மாடியில் சும்மா கிடந்த கண்ணாடித் தொட்டியை எடுத்துவந்தாள். துறைமுகத்தில் மொத்தமாக மீன் விற்பவரிடம் கடைக்காக எத்தனையோ தடவை போனில் பேசியிருக்கிறாள். அவர் கல்லும் பொடி மணலும் அனுப்பினார். மணலை நாலு விரல் ஆழத்துக்குப் பரப்பினாள். துள்ளாமல் இருக்க மேலே கொசுவலையை இழுத்துக் கட்டினாள். ஜன்னலோரம் வரிசையாக பாட்டில்கள் வைத்து, பச்சைத் தண்ணீரில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் துடிக்கும் பொடிப் பூச்சிகளை வளர்த்தாள். இந்த மீன் நாள் முழுக்கத் தின்பது அதைத்தான். தண்ணீர் பக்குவப்படட்டும் என்று ஐந்து மாதம் வெறும் தொட்டியைப் பராமரித்தாள்.

"மீன் எப்ப வரும்? இல்ல, தண்ணியைத்தான் வளர்க்கறோமா?" என்று புருஷன் கேட்பார்.

மீன் வந்தது. விட்ட மறுநிமிஷம் மணலுக்குள் போனது. ஒரு நாள், இரண்டு நாள், நாலு நாள். பூச்சி தொட்டிக்கு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்தாள். மணலில் ஒரு விரல் அழுத்தியதுபோல் குழி தெரிந்தது. தொடவில்லை. ஐந்தாம் நாள் மத்தியானம் இரண்டு மணிக்குக் குழி அசைந்தது, ஒரு மூக்கு வந்தது, பிறகு புள்ளிகள் வந்தன. இருபது நிமிஷம் நீந்திவிட்டு மறுபடி உள்ளே போனது. மறுநாளும் அதே இரண்டு மணி. இந்தச் சிறுத்தை ராஸ் எல்லாம் ஒரே கடலிலிருந்துதான் வருகின்றன, அங்கே விடிகிற நேரத்துக்கு இங்கே மணி இரண்டு என்று மொத்த வியாபாரி போனில் விளக்கினார். பத்துப் பதினைந்து நாளில் அதன் கடிகாரம் மெல்ல நகர்ந்து இந்த ஊர்க் காலைக்கு வந்து சேர்ந்தது.

அவள் அதற்குப் புள்ளிக்காரி என்று பேர் வைத்தாள். அதன் இரண்டு கண்ணும் தனித்தனியாகச் சுழலும். ஒரு கண்ணால் கல்லைப் பார்த்து, மறு கண்ணால் பூச்சியைப் பார்க்கும். ஒவ்வொரு மணல்மணியாகப் பார்த்து, நிதானமாகக் கொத்தும்.

ஒரு வருஷம் ஆனது. மாலுமி விற்ற சிறுத்தை ராஸ் ஒன்றுகூட ஒரு மாதம் தாண்டவில்லை. பூச்சியின் வீட்டில் ஒன்று கொழுத்து வளர்கிறது என்ற செய்தி பரவியது. மாடிவீட்டு அக்கா இறங்கிவந்து, முகத்தைக் கண்ணாடியில் ஒட்டிப் பார்த்தாள்.

"கடையிலேர்ந்து தூக்கினது இதுதானா? ஏய், அழகாத்தான் இருக்கு. உன்மேல தப்பே சொல்லமாட்டேன்."

பூச்சிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தன் பேரைக் காப்பாற்ற வளர்த்த மீனே திருட்டுக்குச் சாட்சியாக நின்றது.

அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் பல் டாக்டரம்மாவும் வந்தார். மீனை ரொம்ப நேரம் பார்த்தார். இது திருடியது இல்லை, காசு கொடுத்து வாங்கியது என்று பூச்சி சொல்ல வாயெடுத்தாள், வார்த்தை வரவில்லை. டாக்டரம்மா காரியக்காரர். "பழசெல்லாம் எதுக்கு? எங்க வீட்டுத் தொட்டியைத் தினம் வந்து பாத்துக்கறியாம்மா? மத்தியானம் பன்னெண்டுலேர்ந்து மூணு வரைக்கும். நான் கிளினிக்ல இருப்பேன், சாவி தர்றேன்" என்றார். அலமாரிகளுக்கெல்லாம் பூட்டுப் போட்டிருந்ததைப் பூச்சி முதல் நாளே கவனித்தாள்.

ஆறு மாதம் போனது. டாக்டரம்மா மறுபடி ஒரு சிறுத்தை ராஸுக்குச் சொல்லிவைத்தார், அதே மாலுமியிடம். ஒரு செவ்வாய்க்கிழமை மாலையில் அவரே கொண்டுவந்து விட்டாராம். புதன்கிழமை பூச்சி போனபோது தொட்டியின் இடது மூலையில், தட்டைக் கல்லுக்குப் பக்கத்தில் மணலில் குழி தெரிந்தது. வியாழக்கிழமை சரியாக இரண்டு மணிக்கு அது எழுந்தது. வெள்ளிக்கிழமையும் எழுந்தது. சனிக்கிழமையும் எழுந்தது. பொடிப் பூச்சிகளை விட்டதும் நன்றாகத் தின்றது. வீட்டில் யாரும் இல்லை. பூச்சியைத் தவிர அதைப் பார்த்தவர் இல்லை. டாக்டரம்மா அவளிடம் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. பல்லைத் தவிர வேறெதையும் படிக்க நேரமில்லாத டாக்டரம்மா, மீன் எங்கே என்று கடைக்குத்தான் போன் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டரைக்கு மாலுமி வந்தார். டாக்டரம்மா வீட்டிலிருந்தார், அவர் கணவரும் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பூச்சி வாளியோடு நின்றிருந்ததைப் பார்த்ததும் மாலுமியின் முகம் மலர்ந்தது.

"அட, இவ இங்கதான் இருக்காளா! இதை முன்னாலேயே சொல்லக்கூடாதா டாக்டரம்மா? இவ இருக்கற இடத்துல மீன் காணாமப் போறது என்ன புதுசா?"

டாக்டரம்மாவின் கண், கதவோரம் இருந்த பூச்சியின் பைமேல் போய்விட்டு வந்தது. ஒரு நொடிதான். பூச்சி பார்த்துவிட்டாள்.

கூடத்துக் கடிகாரத்தில் மணி பன்னிரண்டு முப்பத்தெட்டு. இன்னும் ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. காத்திருங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மீன் தானாக எழுந்து வரும். அவள்மேல் பழி இல்லை என்றாகும். ஆனால் மாலுமி என்ன செய்வார்? "பாத்தீங்களா, நான் குடுத்த மீன் எப்படி இருக்குன்னு" என்று தொப்பியைச் சரிசெய்துகொண்டு போய்விடுவார்.

பூச்சி வாயைத் திறந்தாள். "சார், மண்ணையும் கிளறிப் பாத்துடுங்க."

மாலுமியின் முகம் ஒரு கணம் மாறியது. அவருக்கும் தெரியும், தெரிந்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது. ஆனால் ஐந்து நாளாகக் கண்ணில் படாத மீன் செத்து மக்கியிருக்கும் என்று கணக்குப் போட்டிருப்பார். "மண்ணுக்குள்ள மீனா? இவ்வளவு நாள் என்கிட்ட வேலை பாத்துட்டு என்ன பேச்சு பேசறா பாருங்க. மீன் என்ன மண்புழுவா?"

"பாத்துடுங்களேன், என்ன இப்போ?" என்றார் டாக்டரம்மா.

"பாக்கறேன், பாக்கறேன். இவ முகத்துல கரி பூசினாத்தான் எனக்கும் திருப்தி." கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்தார், சட்டைக் கையைச் சுருட்டினார். மேலே போட்டிருந்த வலையைப் பூச்சியே எடுத்துக்கொடுத்தாள்.

வலது மூலையில் கையை விட்டார். தொட்டி கலங்கியது. "இங்க இல்ல." நடுவில் விரல்களை விரித்து அள்ளினார். "இங்கயும் இல்ல. என்ன பூச்சி, இன்னும் தோண்டணுமா? தண்ணி வந்தாலும் வந்துடும்!" சிரித்தார். கணவரும் பேப்பரைத் தாழ்த்திச் சிரித்தார். இடது மூலைக்கு இன்னும் ஒரு சாண் இருந்தது. இப்போதும் நிறுத்தலாம். அரை சாண். நிறுத்தவில்லை.

மணல் வெடித்ததுபோல் இருந்தது. மீன் சுட்ட குண்டாகக் கிளம்பி, தட்டைக் கல்லில் முகத்தோடு மோதி, திரும்பி, திறந்திருந்த மேல்பக்கமாகத் துள்ளி, டாக்டரம்மாவின் காலடியில் டைல்ஸ் தரைமேல் விழுந்து படபடவென்று அடித்துக்கொண்டது. பூச்சி ஈரக் கைகளைக் குவித்து அள்ளித் தண்ணீரில் விட்டாள்.

மாலுமியின் முழங்கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அப்ப அன்னைக்குக் கடையிலயும்?" என்றார் டாக்டரம்மா.

"அது வேற டாக்டரம்மா..."

"என்ன வேற? அன்னைக்கும் மண்ணுக்குள்ளதான் இருந்துச்சா?"

மாலுமியின் முகத்தில் ஈயாடவில்லை. "மூணாம் நாள் தானா வந்துடுச்சு."

"அவ பயந்துபோய்த் திருப்பிக் குடுத்துட்டான்னு சொன்னீங்களே?"

"அது... ஒரு பேச்சுக்கு..."

"பேச்சுக்கா? ஒரு பொண்ணு பையைக் கொட்டிட்டு, பேச்சுக்கா?"

பூச்சி அவர் முகத்தை ஆசைதீரப் பார்த்தாள். கைக்கடிகாரத்தை மறந்து, ஈரச் சட்டையோடு அவர் படியிறங்கிப் போகிறவரைக்கும் பார்த்தாள். சாப்பிட்ட மாதிரி வயிறு நிறைந்திருந்தது.

கதை பரவ ஒரு வாரம்கூட ஆகவில்லை. பல் டாக்டரம்மாவின் நாற்காலியில் வாயைத் திறந்தபடி சாய்ந்திருப்பவர்கள் எதிர்த்துப் பேசவும் முடியாது, எழுந்து போகவும் முடியாது. அத்தனை பேரும் கேட்டார்கள். மீன் வளர்ப்பவர்கள் கேட்டார்கள், வளர்க்காதவர்களும் கேட்டார்கள். மாடிவீட்டு அக்கா இறங்கிவந்து, "நான் அன்னைக்கே உன்மேல தப்பில்லன்னு சொன்னேனா இல்லியா?" என்று தன் தீர்க்கதரிசனத்தைத் தானே மெச்சிக்கொண்டாள்.

மீன் மட்டும் தின்னவில்லை. கல்லைப் பார்க்கும், குறிவைக்கும், கொத்தும். வாய் மூடாது. எடுத்த இரை ஓரமாக நழுவி விழும். புதன்கிழமை டாக்டரம்மா கிளினிக்குக்குப் போகாமல் வீட்டில் இருந்தார். பல் பார்க்கும் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சின்ன டப்பாவில் பிடித்த மீனை ரொம்ப நேரம் பார்த்தார்.

"கீழ்த்தாடை மூட்டு விலகியிருக்கு. மனுஷனா இருந்தா கம்பி கட்டிடுவேன்." கண்ணாடியைக் கழற்றவில்லை. "மண்ணுக்குள்ளதான் இருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"ரெண்டு மணிக்கு வெளிய வரும்மா."

"நீ பார்த்தியா?"

"பார்த்தேன்."

"எத்தனை நாள்?"

"மூணு நாள்."

"அன்னைக்கு ஒன்றரை மணி நேரம் இருந்திருந்தா தானா வந்திருக்கும். அது தெரிஞ்சும் கிளறச் சொன்னியா?"

பூச்சி நிமிர்ந்து பார்த்தாள். இந்தத் தடவை நாக்கு ஒட்டவில்லை. "அவர் கையாலயே எடுக்கணும்னு இருந்தேன்மா."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிப் பெட்டியில் வைத்தார். "உன்மேல திருட்டுப் பழி இல்ல. அதை யாருகிட்ட வேணும்னாலும் சொல்லுவேன். ஆனா நாளையிலேர்ந்து வரவேண்டாம்மா. இதை நீயே எடுத்துட்டுப் போ."

சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு, மீனை எடுத்துக்கொண்டு வந்தாள். பையின் மூலைகளை மடித்து ரப்பர் போட மறக்கவில்லை.

வீட்டுத் தொட்டிக்குள் ஒரு வலைப்பெட்டியை மாட்டி அதில் விட்டாள். புள்ளிக்காரி வெளியிலிருந்து ஒரு கண்ணால் அதைப் பார்த்துவிட்டுத் தன் இரையைத் தேடப் போனது. பூச்சி சொட்டுக்குழாயில் பொடிப் பூச்சிகளை எடுத்து, திறந்தே இருந்த அந்தச் சின்ன வாய்க்கு நேராக விட்டாள். ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை, நாள் முழுக்க. வயிறு ஒட்டிக்கொண்டே வந்தது. புள்ளிகள் மங்கின.

ஏழாம் நாள் சாயங்காலம் புருஷன் வேலைமுடிந்து வந்தார். செருப்பைக் கழற்றும்போதே சிரிப்பு.

"கேட்டியா சேதி? மாலுமி கடையில கடல் மீன் ரூமை மூடிட்டானாம். வாங்க ஆள் வரலையாம். தொட்டியெல்லாம் வெளிய அடுக்கி வெச்சிருக்கான், நானே பார்த்துட்டு வர்றேன். தொப்பிகூடத் தலையில இல்ல."

பூச்சி திரும்பவில்லை. சொட்டுக்குழாய் தண்ணீருக்குள் இருந்தது.

"இன்னொரு தடவை சொல்லுங்க."

அவர் சொன்னார்.

"தொட்டியெல்லாம் வெளியவா?"

"வெளியதான். வெயில்ல."

மீன் வாயைக் குழாயின் நுனிக்குக் கொண்டுவந்தது. அவள் மெல்ல அழுத்தினாள். இரை உள்ளே போய், விலகிய தாடையின் ஓரமாக வழிந்து, பெட்டியின் அடியில் படிந்தது. மறுபடி உறிஞ்சி எடுத்தாள்.

"முதல்லேர்ந்து சொல்லுங்க" என்றாள். "நீங்க போனப்ப அவர் எங்க நின்னுக்கிட்டிருந்தாரு?"